கறுப்பு மதுவின் நினைவு

இலண்டன் மாநகரத் தவறணையொன்றில், மாலைப்பொழுதில், நுரை ததும்பும் ஸ்டவுட் கிண்ணத்தைக் கையிலேந்தி அமர்பவர்க்குப் பழைய நினைவுகள் எழுதல் இயல்பு. வறுத்த வாற்கோதுமையின் மணமும் மெல்லிய கைப்பும் நெஞ்சைப் பின்னோக்கி இழுப்பன. ஆயின், நேயர்களே, பருகுவோர் நினைவுகள் ஒருபுறமிருக்க, அம்மதுவுக்கே உரிய நினைவு ஒன்றும் உண்டு. அது மகிழ்ச்சி தருவதன்று. எனினும் மறக்கத் தக்கதுமன்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டனிலே கருநிறப் பியர் ஒன்று பெருவழக்குப் பெற்றது. ஆற்றுத்துறைகளிலும் வீதிகளிலும் சுமை தூக்கிய தொழிலாளர் அதனை விரும்பிப் பருகினர். சுமைகாரரைக் குறிக்கும் போர்ட்டர் என்ற சொல்லே அதற்குப் பெயராயிற்று. அதிலும் வலிமை மிக்கதை ‘ஸ்டவுட் போர்ட்டர்’ என்றனர். நாளடைவில் ஸ்டவுட் என்ற அடைமொழி மட்டும் நிலைத்தது; சுமைகாரன் பெயர் உதிர்ந்துவிட்டது.

இம்மது பல மாதங்கள் கிடந்து பதப்பட வேண்டியது. அதற்கென மரத்தாற் பெருந்தாழிகள் செய்து, இரும்பு வளையங்களால் இறுக்கினர். யாருடைய தாழி பெரியது என்பதில் மதுவாலை முதலாளிகளிடையே போட்டியும் நிலவியது.

டொட்டன்ஹாம் கோர்ட் வீதியருகே மியூக்ஸ் கம்பனியின் ‘ஹோர்ஸ் ஷூ’ மதுவாலை இருந்தது. 1814 ஒக்டோபர் 17ஆம் நாள், திங்கட்கிழமை, பிற்பகல் நாலரை மணியளவில், 22 அடி உயரத் தாழியொன்றின் வளையம் கழன்று விழுந்ததைக் களஞ்சிய எழுத்தர் கண்டார். ஆண்டில் இரண்டு மூன்று முறை இவ்வாறு நேர்வதுண்டு. ஆகவே எவரும் அஞ்சவில்லை. பின்னர் திருத்தலாம் என மேலாளர் கூற, எழுத்தர் அதற்கான கடிதத்தை எழுதிக் கையில் வைத்திருந்தார். ஒரு மணி நேரத்தில் தாழி வெடித்தது. அதன் வேகத்தில் வேறு பாத்திரங்களும் சிதைந்தன. குறைந்தது 128,000 கலன் மது பின்புறச் சுவரை இடித்துக்கொண்டு நியூ வீதிக்குள் பாய்ந்தது.

அவ்விடம் சென் கைல்ஸ் என்னும் வறியோர் குடியிருப்பு. நிலவறை வீடொன்றில், இறந்த இரண்டு வயதுப் பாலகனுக்காக ஐரிஷ் மக்கள் துக்கம் காத்துக்கொண்டிருந்தனர். அங்கே ஐவர் மாண்டனர். குழந்தையின் தாயும் அவர்களுள் ஒருத்தி. தவறணை முற்றத்திலே பாத்திரம் துலக்கிய பதினான்கு வயதுப் பணிப்பெண்ணைச் சுவர் வீழ்ந்து கொன்றது. இறந்தோர் எண்மர், அனைவரும் பெண்களும் சிறுவருமே.

இரண்டு நாட்களின் பின் விசாரணை நடைபெற்றது. தற்செயலாய் நேர்ந்த விபத்து எனச் சான்றாயர் தீர்ப்பளித்தனர். எவர்மீதும் குற்றம் சுமத்தப்படவில்லை. இழந்த மதுவுக்குச் செலுத்திய வரியில் ஏறக்குறைய 7,250 பவுணைக் கம்பனி அரசிடமிருந்து திரும்பப் பெற்றுத் தப்பிப் பிழைத்தது. இறந்தோர் குடும்பங்களுக்கோ, பிணங்களைப் பார்க்க வந்தோர் இட்ட சில்லறைக் காசே உதவியாயிற்று.

இதனினும் கொடியது பின்னர் நிகழ்ந்தது. ஏழைகள் சட்டிபானையோடு ஓடிவந்து தெருவில் ஓடிய மதுவை மொண்டு குடித்து வெறித்தனர் என்றொரு கதை பரவிற்று. இன்றும் அதனைச் சொல்லிச் சிரிப்பாருளர். ஆனால் அக்காலச் செய்தித்தாள்களில் அதற்குச் சான்றில்லை. இடிபாடுகளினடியில் முனகல் கேட்குமோவெனக் கூட்டம் அமைதி காத்ததாகவே செய்திகள் கூறுகின்றன.

அம்மதுவாலை 1921இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் 1929இல் டொமினியன் அரங்கு எழுந்தது. வறியவர் உயிரிழந்தால் இழப்புக்கு விலை கிடைப்பதில்லை. காலஞ்செல்ல, அவர்தம் துயரும் வேடிக்கைக் கதையாகிவிடுகின்றது. வேடிக்கையை விலக்கி உண்மையை உரைப்பதே, அவ்வெண்மருக்கு வரலாறு இனிச் செய்யக்கூடிய நீதியாகும்.