ஓசூரா, பெங்களூரா? ஒரு எல்லைக்கோட்டின் கதை

ஓசூரில் இருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரி அதை விடக் கொஞ்சம் தூரம். சென்னையோ 300 கிலோமீட்டருக்கும் மேல்! வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று வாழும் இந்த ஊர்க்காரர்களிடம் எப்போதும் ஒரு கேள்வி உண்டு. கோட்டுக்கு எந்தப் பக்கம் குடியிருப்பது?

வெறும் கண்ணால் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுதான். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள், கர்நாடகத்தில் 36,000-க்கு மேல் என்று கணக்கு சொல்வார்கள். நாம் ஏரி என்பதை அவர்கள் கெரே என்பார்கள். பொம்மசந்திரா, சிங்கசந்திரா என்ற பெயர்களில் வரும் 'சந்திரா'வுக்கும் நிலாவுக்கும் சம்பந்தம் இல்லை. அது சமுத்திரம், அதாவது பெரிய ஏரி. எல்லைக்கு இந்தப் பக்கமும் 'சந்திரம்' என்று முடியும் ஊர்கள் இருக்கின்றன.

அப்படியானால் கோடு எங்கிருந்து வந்தது? 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தப்படி திப்பு சுல்தான் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகாலைக் கம்பெனிக்குக் கொடுத்தார். ஓசூர் மட்டும் அவரிடமே இருந்தது. 1799-ல் திப்பு இறந்ததும் மைசூர் உடையார்களுக்குப் போனது, ஓசூர் கம்பெனிக்கு வந்து சேலம் மாவட்டத்தில் சேர்ந்தது. இங்கே மொழி பார்த்து யாரும் பிரிக்கவில்லை. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் பேசும் ஊரை எப்படிப் பிரிப்பது?

இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் போய் வந்தவர்களில் பெரிய பெயர் ராஜாஜி. 1878-ல் ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தார். பள்ளி ஓசூரில், கல்லூரி பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில், சட்டம் சென்னையில். வக்கீலாகத் தொழில் செய்ய அவர் தேர்ந்தெடுத்தது சேலம். படிப்புக்கு அந்தப் பக்கம், பிழைப்புக்கு இந்தப் பக்கம்! (இன்றைக்குப் பலருக்கு இது தலைகீழ்.)

1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோது கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் மைசூருக்குப் போனது. ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது.

பிறகு வந்தது சிப்காட். பெங்களூருக்குப் பக்கத்தில் தமிழக அரசின் சலுகையோடு நிலம் கிடைத்தால் தொழிலதிபர் விடுவாரா? 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்டும் வந்தது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டனின் கடிகாரத் தொழிற்சாலையும் இங்கேதான். தலைமை அலுவலகம் மட்டும் பெங்களூர். கம்பெனிகள் இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொண்டன. சாதாரண மனிதன் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓசூரில் வாடகை குறைவு, எலக்ட்ரானிக் சிட்டி எட்டும் தூரம். ஆனால் தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்களுக்கு 2006-ல் இன்னொரு யோசனை வந்தது. தமிழ் கற்பிக்கும் சட்டம் அந்த ஆண்டு முதல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயம் ஆக்கியது. தலைமுறைகளாக இங்கேயே இருப்பவர்கள், பிள்ளைகள் தாய்மொழியில் தேர்வு எழுத முடியுமா என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அந்தக் கவலை நியாயமானதே.

அந்தப் பக்கம் போன தமிழர்களுக்கு வேறு கவலை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வெடித்தபோது ஆயிரக்கணக்கான தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கர்நாடகத்தை விட்டு வந்தார்கள். அதே கதை 2016 செப்டம்பரிலும். பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவு எண் பஸ்களும் லாரிகளும் எரிந்தன. பஸ்கள் எல்லையைத் தாண்டாததால் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே மக்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே கடந்தார்கள். சில நாளில் எல்லாம் அடங்கியது, மறுபடி வேலைக்குப் போனார்கள். வேறு என்ன செய்வது?

இத்தனை சண்டைக்கும் காரணமான காவிரியை இரண்டு ஊரும் குடிக்கின்றன என்பதுதான் வேடிக்கை. பெங்களூருக்கு 1974 முதல் காவிரி போகிறது. ஓசூர் பக்கத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. அதற்கும் 2008-ல் அங்கே எதிர்ப்பு கிளம்பியது.

ஏரிகளின் கதை இன்னும் மோசம். பெங்களூரின் தர்மாம்புதி ஏரி இன்று கெம்பே கவுடா பஸ் நிலையம். சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம். மிஞ்சியதில் பெரியது பெல்லந்தூர். கழிவு சேர்ந்து சேர்ந்து 2015-லும் 2017-லும் அந்த ஏரி தீப்பிடித்தே எரிந்தது! அதன் உபரி நீர் வர்த்தூர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து தென்பெண்ணையில் விழும், தென்பெண்ணை எல்லை தாண்டி ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வரும். பெங்களூர் வேண்டாம் என்று ஓசூரில் வீடு கட்டியவரைத் தேடி பெங்களூரே வந்து விடுகிறது. மழைக்காலத்தில் மதகு திறந்தால் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்கு எழும்பி, காற்றில் பறந்து பக்கத்து வயல்களில் விழுகிறது. அணைக்குக் கீழே உள்ள விவசாயிகள் அந்தத் தண்ணீரைத்தான் பாய்ச்சுகிறார்கள்.