திருவிருந்தும் மரக்கன்றும்

திருச்சபை மரம் நடுவதை ஒருநாள் விழாவாக வைத்துக்கொண்டால் கன்று பிழைப்பது அரிது. வழிபாட்டோடு பிணைத்தால்தான் அது வேர்பிடிக்கும். ஜிம்பாப்வேயின் மஸ்விங்கோ வட்டாரம் இதற்குச் சான்று. 1991-இல் அங்கே ஆப்பிரிக்கச் சுயாதீனத் திருச்சபைகள் பல ஒன்றுகூடி, மண்ணைக் காக்கும் சபைகளின் கூட்டமைப்பை நிறுவின. இறையியலாளர் இனஸ் டனீல் உடன் நின்றார். நடுகை நாளில் மக்கள் முதலில் பாவ அறிக்கை செய்தார்கள்: பச்சை மரத்தை வெட்டியது, ஆற்றங்கரையை உழுதது, சக்கரமில்லாத இழுவை வண்டியால் நிலத்தைக் கீறி மண்ணரிப்புக்கு வழிவிட்டது. பிறகு கையில் கன்றை ஏந்தியபடியே திருவிருந்தின் அப்பமும் இரசமும் பெற்று, குழியருகே சென்று, அந்தக் கன்றோடு பேசி நட்டார்கள்.

காட்டின் அழிவுக்கு ஏழை உழவரா பாவ அறிக்கை செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1930-இன் நிலப் பங்கீட்டுச் சட்டம் நாட்டின் ஏறத்தாழ பாதி நிலத்தை வெள்ளையருக்கு ஒதுக்கி, கறுப்பின மக்களை நெருக்கடியான ஒதுக்கு நிலங்களில் அடைத்தது; விறகுக்கும் விளைச்சலுக்கும் அந்த மண்ணையே அவர்கள் நம்ப வேண்டியிருந்தது. ஆயினும் அம்மக்கள் மரநடுகையை வெள்ளையர் ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போரின் தொடர்ச்சியாகவே கண்டார்கள். அவர்களுடைய அறிக்கை தலைகுனிவு அல்ல, மண்ணின் உரிமையாளராகப் பொறுப்பேற்பது. சடங்கு மழை தருமா என்பது அடுத்த கேள்வி. தராது; 1992-இன் கொடும் வறட்சி போன்ற காலங்களில் தண்ணீரும் வேலியும்தான் கன்றைக் காக்கும். ஆனால் வாரந்தோறும் கூடுகிற சபையைவிட, குடம் சுமந்துவந்து ஊற்றுவதற்குப் பொருத்தமான கைகள் வேறு எங்கே உள்ளன?