அழைப்பொலியும் சிற்றின வரம்பும்: சுவோன் மரத்தவளையை முன்வைத்து

தென்கொரியாவின் சுவோன் நகரப் பெயரைத் தாங்கிய மரத்தவளையைக் குராமோட்டோ 1980இல் புதிய சிற்றினமாக விவரித்தார். கையில் பிடித்துப் பார்த்தால் அது ஏறத்தாழ ஜப்பானிய மரத்தவளைதான். அதே பச்சை, அதே வட்டத்தட்டு விரல்நுனி. அவர் வேறுபாட்டைக் கண்டது ஆண் தவளையின் அழைப்பொலியில். ஜப்பானியத் தவளை படபடவென்று கத்தும். சுவோன் தவளையின் குரல் நிதானமானது, உலோகத்தைத் தட்டினாற்போன்றது. இந்தச் சான்று எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்பதே இங்கு நாம் ஆராயவேண்டியது.

பேரினப் பெயரைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. ஹைலா என்றிருந்ததை 2016இல் டுயல்மனும் உடன் ஆய்வாளர்களும் பிரித்து, வட அமெரிக்கத் தவளைகளோடு ஜப்பானியக் கூட்டத்தையும் ட்ரையோஃபைட்டெஸில் சேர்த்தார்கள். அது ஃபிட்சிங்கர் 1843இல் இட்ட பழைய பெயர். காசி மலைப் பகுதியிலிருந்து ஜெர்டன் 1870இல் விவரித்த அனெக்டன்ஸ் தவளை ஹைலாவிலேயே நின்றுவிட்டது. மரபுவழி மரத்தின் ஒரே கிளையை ஒன்றாக வைப்பதா, இரண்டாக வெட்டுவதா என்பது வசதியைப் பொறுத்தது. தவளைகளுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

சிற்றின வரம்பு அப்படியல்ல. கொரியாவின் மேற்குத் தாழ்நிலத்தில் இரு தவளைகளும் ஒரே நெல்வயலில் இனப்பெருக்கம் செய்கின்றன. ஜப்பானிய ஆண்கள் வரப்போரத்தில் உட்கார்ந்து கத்துகின்றன. சுவோன் ஆண்கள் வயலின் நடுப்பகுதியில், தண்ணீருக்குமேல் நாற்றுத் தாள்களைக் கைகால்களால் பற்றிக்கொண்டு கூவுகின்றன. இது விருப்பத்தேர்வு மட்டுமன்று: ஜப்பானியத் தவளைகளை ஆய்வாளர்கள் அப்புறப்படுத்தியபோது சுவோன் ஆண்கள் ஓரத்தை நோக்கி நகர்ந்தன. போர்சே முதலானோர் 2016இல் வெளியிட்ட இந்தச் சோதனை, குரல் வேறுபாட்டோடு இடப்போட்டியும் நடப்பதைக் காட்டியது. கலப்பினங்களும் கிடைத்துள்ளன. ஆனாலும் இரு கூட்டங்களும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகவில்லை. பெண் தவளை இரு குரலையும் கேட்கக்கூடிய இடத்தில் ஒவ்வோர் இரவும் தேர்வு நடக்கிறது. அத்தேர்வில் இந்த வரம்பு தேறிவிட்டது.

மஞ்சள் கடலுக்கு அப்பால் இந்த வாதம் செல்லுபடியாவதில்லை. சீனாவில் வாழும் இம்மாகுலேட்டஸ் (போயட்கர், 1888) மரபணுவில் சுவோன் தவளைக்கு மிக நெருங்கியது. இரண்டும் ஒன்றே ஆகலாம் என்ற ஐயமும் எழுந்தது. வியப்பதற்கில்லை. மஞ்சள் கடலின் சராசரி ஆழம் 50 மீட்டருக்கும் குறைவு. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்தபோது அங்கே தரை இருந்தது. 2020இல் கொரியாவின் தெற்குக் கூட்டம் ஃபிளாவிவென்ட்ரிஸ் என்ற தனிப் பெயரும் பெற்றது. இக்கூட்டங்களைக் கடலோ மலையோ பிரித்திருப்பதால் ஒன்றின் குரலை மற்றதன் பெண் இயற்கையில் கேட்பதில்லை. ஆக, ஒலிப்பதிவுகளின் அளவீடு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அது வேறுபாட்டைக் காட்டுமே தவிர, இனப்பெருக்கத் தடையைக் காட்டாது.

எனவே இம்மூன்று பெயர்களையும் சுவோன்–ஜப்பானிய வரம்புக்கு நிகரான உறுதியோடு அட்டவணையில் அடுக்குவது சரியன்று. அவற்றைத் தற்காலிகக் கருதுகோள்களாக வைத்துக்கொண்டு, ஒரு கூட்டத்துப் பெண்களுக்கு மற்றக் கூட்டத்தின் குரலை ஒலிக்கவிட்டு அவை எதை நோக்கிச் செல்கின்றன என்று பார்ப்பதே அடுத்த படி. பாதுகாப்புக்கு இந்த முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை: கொரிய அரசு 2012 முதலே சுவோன் தவளையை அழியும் நிலையிலுள்ள உயிரிகளின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. வயல்கள் கட்டடங்களாகும் வேகத்தில், தனிச் சிற்றினமோ தனிக் கூட்டமோ, இரண்டுக்கும் இழப்பு ஒன்றுதான்.