ஏழு லட்சம் முல்லர்கள்

மாக்ஸ்முல்லரின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் குறைவு. ரிக் வேதத்தைச் சாயணர் உரையோடு முழுமையாக அச்சில் கொண்டுவந்தவர் அவர். முதல் பாகம் 1849-இல் வெளிவந்தது. ஆறாவது பாகத்தோடு வேலை முடிந்தபோது 1874 ஆகிவிட்டது. கால் நூற்றாண்டு உழைப்பு!

அந்தப் பதிப்பின் வடமொழித் தலைப்புப் பக்கத்தில் அவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அழகே தனி. தாம் பிறந்தது சர்மண்ய தேசம், வசிப்பது கோதீர்த்தம், பெயர் மோக்ஷமூலர பட்டர். விஷயம் தெரியாமல் படிக்கிறவர்கள், யாரோ காசிப் பண்டிதர் என்றே எண்ணிக் கை கூப்பிவிடுவார்கள்.

சர்மண்ய தேசம் என்பது ஜெர்மனி. இது ஓசையை ஒட்டிய பெயர். கோதீர்த்தம் என்பது ஆக்ஸ்போர்டு. இங்கே ஓசையை விட்டுப் பொருளைப் பிடித்திருக்கிறார். ஆக்ஸ் என்றால் எருது. போர்டு என்றால் ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறை. ஆகவே மாட்டுத் துறை, கோதீர்த்தம். பிரமாதமான மொழிபெயர்ப்பு! ஆனால் தம் சொந்தப் பெயருக்கு வரும்போது பொருளைத் தொடவே இல்லை. மறுபடியும் ஓசைக்குப் போய்விட்டார். மோட்சத்துக்கு மூலமானவர் என்று தொனிக்கும்படி வைத்துக்கொண்டார். ஊரின் பெயரை மொழிபெயர்த்த அதே முறையில் இதையும் மொழிபெயர்த்திருந்தால் என்ன வந்திருக்கும் தெரியுமா? "மாவரைப்பவர்" என்று வந்திருக்கும்!

முல்லர் என்ற ஜெர்மன் சொல்லுக்கு அதுதான் பொருள். மாவாலை நடத்துகிறவன், ஊராரின் தானியத்தை அரைத்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறவன். சொற்களின் பிறப்பை ஆராய்வதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட மாக்ஸ்முல்லருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? நன்றாகத் தெரியும். வெட்கப்பட்டு மறைத்தார் என்றும் நான் நினைக்கவில்லை. காரணம் இன்னும் எளிது. ஒரு பெயர் நாலைந்து தலைமுறை வழங்கிவிட்டால், அதற்குள் இருக்கும் பொருள் அதைச் சுமக்கிறவர் காதிலேயே விழுவதில்லை.

அவருடைய குடும்பத்தையே பாருங்கள். தெஸ்ஸாவு என்ற ஊரில் இருந்த அவருடைய பாட்டனார் தையற்காரர். பெயர் மாவரைப்பவர், தொழில் துணி தைப்பது! தையற்காரரின் மகன் வில்ஹெல்ம் முல்லர் நூலக அதிகாரியாகவும் ஆசிரியராகவும் இருந்தார். புகழ்பெற்ற கவிஞரும் ஆனார். ஆலைக்காரர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, அவருடைய மகளைக் காதலித்து மனம் உடைந்துபோகும் ஓர் இளைஞனைப் பற்றி அவர் எழுதிய பாடல்வரிசைக்குத்தான் ஷூபர்ட் என்ற சங்கீத மேதை 1823-இல் இசை அமைத்தார். அதே 1823-ஆம் ஆண்டின் இறுதியில் பிறந்தவர் மாக்ஸ்முல்லர். தையல், கவிதை, வேதம் என்று மூன்று தலைமுறை மூன்று வழியில் போயிற்று. பெயர் மட்டும் ஏதோ ஒரு பழைய ஆலையின் வாசலை விட்டு நகரவில்லை.

இந்தப் பெயர் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் இன்று மிக அதிகமானவர்களுக்கு இருக்கும் குடும்பப் பெயர் இதுதான். ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் முல்லர்கள். சுவிட்ஸர்லாந்திலும் முதலிடம் இதற்கே. ஜெர்மனியில் இதற்கு அடுத்து வரும் பெயர்களைக் கேளுங்கள். ஷ்மிட் என்றால் கொல்லர், ஷ்னைடர் தையற்காரர், பிஷர் மீன் பிடிப்பவர், வேபர் நெசவாளர், மையர் பண்ணையை மேற்பார்க்கும் காரியஸ்தர், வாக்னர் வண்டி செய்யும் தச்சர், பெக்கர் ரொட்டி சுடுபவர், ஷுல்ட்ஸ் ஊர்த் தலைவர். ஒரு பழைய கிராமமே எழுந்து வரிசையாக வந்து நிற்கிறது.

ஆனால் இந்த வரிசையில் ஒருவரைக் காணோம். உழவர் எங்கே? ஜெர்மன் மொழியில் உழவனுக்குப் பௌவர் என்று பெயர். அந்தக் குடும்பப் பெயரும் உண்டு. ஆனால் முதல் பத்தில் அதற்கு இடம் இல்லை. இந்தப் பெயர்கள் உண்டான காலத்தில் அந்த நாட்டில் பெரும்பாலோர் உழவர்கள். ஆலைக்காரரோ ஊருக்கு ஒருவர். அப்படியிருக்க, முல்லர் முதலிடத்துக்கு எப்படி வந்தார்?

விடை இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஊருக்கு ஒருவர் என்பதனால்தான் வந்தார்!

ஜெர்மானியர்களுக்கு ஆதியில் ஒரே பெயர்தான். ஹைன்ரிக், கொன்ராட், ஹான்ஸ் என்று அழைத்தால் போதும். பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் பட்டணங்கள் பெருகின. ஒரு தெருவில் ஐந்து ஹான்ஸ்கள் சேர்ந்தார்கள். சொத்துப் பத்திரம் எழுதவேண்டும், வரி வசூலிக்கவேண்டும். எந்த ஹான்ஸ் என்று எழுதுவது? எனவே கணக்கர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் சேர்த்து எழுதலானார்கள். செம்பட்டைத் தலை ஹான்ஸ், ஆற்றங்கரை ஹான்ஸ், கொல்லன் ஹான்ஸ் என்று. முதலில் ஆளோடு நின்ற அடையாளம், பிறகு மகனுக்கும் பேரனுக்கும் இறங்கியது. தெற்கிலும் மேற்கிலும் முதலில் பரவி, பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் பெரும்பாலான இடங்களில் நிலைத்துவிட்டது.

அடையாளம் என்பது பத்துப் பேரிலிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்டவேண்டும். ஊரில் அறுபது வீடும் உழவர் வீடாக இருக்கும்போது, "உழவன் ஹான்ஸ்" என்று சொல்லி என்ன பயன்? "ஆலைக்கார ஹான்ஸ்" என்றால் குழந்தைகூடக் கையைக் காட்டும். அந்த ஊரில் ஒருவர், அடுத்த ஊரில் ஒருவர் என்று நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான ஓடைகளின் கரையில், ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லாத ஆயிரக்கணக்கான முல்லர்கள் தனித்தனியே உண்டானார்கள். ஆகவே முல்லர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அன்று எத்தனை பேர் மாவரைத்தார்கள் என்று கணக்கிட்டால் தவறாகப் போகும். எத்தனை ஊர்களில் ஆலை இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி.

அந்தச் சொல்லுக்கும் ஒரு யாத்திரை உண்டு. பழைய ஜெர்மானியர்கள் கையால் சுற்றும் திருகையில் அரைத்தவர்கள். தண்ணீரால் சுழலும் ஆலையை ரோமானியர்கள் கொண்டுவந்தார்கள். மோஸெல் நதியின் கிளையாறு ஒன்றில் அரைவைக் கற்கள் சுழல்வதை நான்காம் நூற்றாண்டில் அவுஸோனியுஸ் என்ற லத்தீன் கவிஞர் பாடியிருக்கிறார். யந்திரம் வந்தபோது அதன் பெயரும் கூடவே வந்தது. லத்தீனில் ஆலைக்கு மோலினா, ஆலைக்காரனுக்கு மோலினாரியுஸ். அதுதான் ஜெர்மானியர் நாவில் உருண்டு முல்லர் ஆயிற்று. பிரான்ஸில் மூனியே, இத்தாலியில் மோலினாரி, ஹங்கேரியில் மோல்நார், இங்கிலாந்தில் மில்லர் என்று இந்தப் பெயருக்கு அயல்நாட்டுப் பங்காளிகள் பலர். ஜெர்மனிக்குள்ளேயே வடக்கில் மொல்லர், தெற்கில் சில இடங்களில் மில்லர். பதினாறாம் நூற்றாண்டுப் பண்டிதர்கள் சிலருக்கு முல்லர் என்ற நாட்டுப்புறப் பெயர் பிடிக்கவில்லை. மோலிட்டோர் என்றும் மிலியுஸ் என்றும் மாற்றிக்கொண்டார்கள். மோக்ஷமூலருக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை!

இவர்களுக்கு ஏன் பிடிக்காமல் போயிற்று? ஆலைக்காரனைப் பற்றி ஊரார் கொண்டிருந்த அபிப்பிராயம் அப்படி.

ஆலையைக் கட்டுவதற்கு ஓடையும் வேண்டும், முதலும் வேண்டும். இரண்டும் பிரபுக்களிடமும் மடாலயங்களிடமும் இருந்தன. அவர்கள் ஆலையைக் குத்தகைக்கு விட்டார்கள். தங்கள் குடிகள் அந்த ஆலையில்தான் அரைக்கவேண்டும் என்று கட்டாயமும் விதித்தார்கள். பக்கத்து ஊர் ஆலை நல்லதாக இருந்தாலும் அங்கே போகக்கூடாது. கூலி பணமாக அன்று, தானியமாக. பல இடங்களில் பதினாறில் ஒரு பங்கு. அளந்து எடுப்பவர் யார்? ஆலைக்காரர். எடுக்கும்போது பார்ப்பவர் யார்? ஒருவரும் இல்லை. ஒரு மூட்டை கோதுமையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மாவும் தவிடுமாகத் திரும்பி வரும். எவ்வளவு பறந்தது, எவ்வளவு கல்லில் ஒட்டியது, எவ்வளவு ஆலைக்காரரின் பன்றித் தொட்டிக்குப் போயிற்று என்று ஏழைக் குடியானவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? கண்டுபிடிக்க முடியாதபோது மனிதன் சந்தேகப்படுகிறான். கேலியும் செய்கிறான். நாரை எந்த வீட்டுக் கூரையிலும் கூடு கட்டும், ஆலைக் கூரையில் மட்டும் கட்டாது. முட்டையை ஆலைக்காரன் திருடிவிடுவான் என்று அதற்குப் பயம். இது ஜெர்மன் கிராமங்களில் வழங்கிய வேடிக்கை.

வேடிக்கையோடு நின்றிருந்தால் பாதகமில்லை. பல பிரதேசங்களில் ஆலைக்காரரை "மானமற்ற தொழில்" செய்பவர்களின் வரிசையில் வைத்துவிட்டார்கள். கைத்தொழிலாளர் சங்கங்களில் அவருடைய மகனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். சங்கத்தில் சேராதவன் பட்டணத்தில் தச்சனாகவோ கொல்லனாகவோ தொழில் செய்ய முடியாது. சில ஊர்களில் தூக்குமரத்துக்கு ஏணி கொடுக்கவேண்டிய கடமையும் ஆலைக்காரர் தலையில் விழுந்தது. தகப்பன் திருடினானா இல்லையா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அவன் மாவரைத்தான், அது போதும். ஊரார் உண்ணும் ரொட்டி முழுவதும் அவன் கையால் அரைத்த மாவு. ஆனால் அவன் மகனோடு ஒரே பட்டறையில் உட்காரக் கூச்சம்! தொழிலை வைத்து மனிதனை அளக்கும் வழக்கத்துக்கு எங்கேயும் நியாயம் கிடையாது. ஆனால் ஆயுள் மட்டும் கெட்டி.

எவ்வளவு கெட்டி என்பதற்குச் சக்கரவர்த்தியின் சட்டங்களே சாட்சி. நெசவாளர், நாவிதர், இடையர், ஆலைக்காரர், சுங்கம் வசூலிப்பவர், குழலூதுவோர் முதலியவர்களின் பிள்ளைகளைச் சங்கங்களில் சேர்க்க மறுக்கக்கூடாது என்று 1548-இல் உத்தரவு பிறந்தது. 1577-இல் அதையே மறுபடியும் சொன்னார்கள். 1731-இல் மீண்டும் ஒரு சட்டம். முதல் உத்தரவை ஜனங்கள் மதித்திருந்தால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் என்ன அவசியம்?

ஆலைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். அவரும் குத்தகைக்காரர்தான். பிரஷ்யாவில் பொம்மெர்ட்ஸிக் என்ற கிராமத்தில் கிறிஸ்டியன் அர்னோல்ட் என்று ஒருவர் ஆலை நடத்தினார். மாவரைத்தவர் இவர்; பெயரில் முல்லர் இல்லை. மாக்ஸ்முல்லரின் பாட்டனாருக்கு நேர் எதிர்! ஓடையின் மேற்பக்கத்தில் ஒரு பிரபு மீன் வளர்க்கக் குளங்கள் வெட்டினார். தண்ணீர் குறைந்தது, ஆலை ஓடவில்லை, குத்தகை கட்ட முடியவில்லை என்றார் அர்னோல்ட். நிலத்துக்கு உரியவர் வழக்குத் தொடுத்தார். 1778-இல் ஆலை ஏலத்துக்கு வந்தது. விவகாரம் மன்னர் மகா பிரெடெரிக்கிடம் போயிற்று. ஏழையைக் கோர்ட்டு நசுக்கிவிட்டது என்று கொதித்த மன்னர், 1779 டிசம்பரில் தலைமை நீதி மந்திரியை வேலையை விட்டு நீக்கினார். நீதிபதிகளைச் சிறையில் போட்டார். ஐரோப்பா எங்கும் இதே பேச்சு. அவர் 1786-இல் இறந்த பிறகு, நீதிபதிகள் மீது குற்றம் இல்லை என்று அடுத்த மன்னர் தீர்த்துவைத்தார். சட்டப்படி தீர்ப்புச் சரி என்பதே பிற்காலத்தார் பலரின் கருத்து. அது எப்படியாயினும், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் திருடன் என்று ஒதுக்கப்பட்ட தொழிலாளி, இப்போது எளியவனுக்கு நியாயம் கிடைக்குமா என்ற கேள்விக்கே உருவமாகிவிட்டார்.

பிரஷ்யாவில் அரைவைக் கட்டாயத்தை 1810-இல் ஒழித்தார்கள். விரும்பிய ஆலையில் அரைக்கலாம் என்றானவுடன் பழைய சந்தேகத்துக்கு வேர் அறுந்தது. பிறகு நீராவி வந்தது, மின்சாரம் வந்தது. பெரிய ஆலைகள் சிறியவற்றை விழுங்கின. 1957-இல் மேற்கு ஜெர்மன் சர்க்கார் ஒரு சட்டம் செய்து, ஆலையை மூடுகிறவர்களுக்குப் பணம் கொடுக்க வழிசெய்தது. ஓடைகள் ஓடுகின்றன; சக்கரங்கள் நின்றுவிட்டன. வேடிக்கையின் சிகரம் 2017-இல் நடந்தது. மாவாலைத் தொழில் பயில்கிறவர்களுக்கு அதுவரை இருந்த முல்லர் என்ற பட்டத்தை எடுத்துவிட்டு, ஆலை, தானியத் தொழில்நுட்ப வல்லுநர் என்று பொருள்படும் ஒரு முழ நீளப் பட்டத்தை வைத்தார்கள். இன்று ஜெர்மனியில் முல்லர் என்ற பெயருடன் ஏழு லட்சம் பேர் இருக்கிறார்கள். மாவரைக்கப் படிக்கிறவன் மட்டும் அந்தப் பட்டத்துடன் வெளிவருவதில்லை!

மாக்ஸ்முல்லரிடமே திரும்பி வருவோம். பிற்காலத்தில் அவருக்கு ஒரு குறை. முல்லர் என்பது எங்கே பார்த்தாலும் இருக்கிற பெயர். அதனால் ஓர் ஆளைத் தனியாகத் தெரியவில்லை என்பது அவர் எண்ணம். ஆகவே தமக்கு இட்ட பெயரான மாக்ஸையும் சேர்த்து, மாக்ஸ்முல்லர் என்பதையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார். ஐந்து ஹான்ஸ்களில் ஒருவனைப் பிரித்துக் காட்ட அன்று ஒரு கணக்கர் செய்த வேலையை, அறுநூறு ஆண்டு கழித்து ஆக்ஸ்போர்டு பேராசிரியர் தமக்குத் தாமே செய்துகொண்டார்.

சென்னையிலும் இந்தியாவின் வேறு நகரங்களிலும் ஜெர்மன் மொழி கற்பிக்கும் நிலையத்துக்கு மாக்ஸ்முல்லர் பவன் என்று பெயர். அந்தப் பக்கம் போகிறவர்கள் பலகையை ஒருமுறை நின்று பாருங்கள். அதில் ஒரு மகா பண்டிதரின் பெயர் இருக்கிறது. கூடவே, அவருக்கும் முன்னால் ஏதோ ஓர் ஓடைக்கரையில், தலையெல்லாம் மாவு படிய, ஊராருக்கு அரைத்துக் கொடுத்து ஊராரிடமே ஏச்சும் வாங்கிய ஒரு மனிதனின் பெயரும் இருக்கிறது.