வசதியும் பஸ்தியும்: தில்லி நகரத் திட்டங்களை முன்வைத்து

(சற்றே நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

தமிழ்ப் பேரகராதியில் ‘வசதி’ என்னும் சொல்லைத் தேடினால், இன்று நாம் கொள்ளும் ‘சௌகரியம்’ என்ற பொருளுடன் ‘இருப்பிடம்’, ‘வீடு’ என்னும் பொருள்களையும் காணலாம். வடமொழி ‘வஸதி’யிலிருந்து வந்த சொல் அது, ‘வஸ்’ என்னும் வேருக்குத் தங்குதல், வசித்தல் என்று பொருள். அதே வேரைச் சேர்ந்ததே இந்தியில் வழங்கும் ‘பஸ்தி’. தில்லியில் குடிசைப் பகுதியை அச்சொல்லால்தான் குறிக்கிறார்கள். வேரில் ஒன்றான இவ்விரு சொற்களும் தில்லியின் நகரத் திட்டங்களில் வெவ்வேறு பக்கங்களுக்குப் பிரிந்துவிட்டன என்பதே இப்பதிவின் செய்தி.

1941-இல் 9.18 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை, பிரிவினைக்குப் பின் அகதிகளின் வருகையால் 1951-இல் 17.44 லட்சமாயிற்று. 1937-இல் அமைந்த தில்லி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டால் இந்த வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. நிலைமையின் அவசரத்தை ஒரு கொள்ளைநோய் உணர்த்தியது. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர், யமுனையிலிருந்து வஜீராபாத்தில் எடுக்கப்பட்ட குடிநீரில் கலந்தது. ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சள் காமாலைக்கு ஆளாயினர். 1957-இல் தில்லி வளர்ச்சி ஆணையம் உருவானது. 1962 செப்டம்பர் 1 அன்று முதலாவது பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தது.

அத்திட்டத்தை வகுப்பதில் உதவ ஃபோர்டு அறக்கட்டளை அனுப்பிய வல்லுநர் குழுவுக்கு ஆல்பர்ட் மேயர் தலைமை வகித்தார். அமெரிக்கரான கிளாரன்ஸ் பெர்ரி 1929-இல் முன்வைத்த ‘அண்மைக் குடியிருப்பு அலகு’ என்னும் கருத்து அப்போது நகரத் திட்டமிடலில் செல்வாக்குடன் இருந்தது. பெருஞ்சாலையைக் கடக்காமல் ஒரு குழந்தை நடந்தே தொடக்கப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். அப்பள்ளியை மையமாகக் கொண்டு குடியிருப்பு அமைய வேண்டும் என்பதே அதன் சாரம். வசதியை அளக்கும் கோல் அங்கே குழந்தையின் காலடி.

தில்லியில் அந்தக் கோல் மெல்ல மெல்ல மக்கள்தொகை எண்ணாக மாறியது. 2007-இல் அறிவிக்கப்பட்ட ‘பெருந்திட்டம் 2021’ நகரத்தை 250 பேர், 5,000 பேர், 10,000 பேர், 1 லட்சம் பேர், 5 லட்சம் பேர் என்று அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் உரிய வசதிகளைப் பட்டியலிடுகிறது. 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி என்பது அதன் கணக்கு. எண்ணிக்கையை நான் குறைகூறவில்லை. யார் செல்வாக்குடையவர் என்று பாராமல், யாருக்குப் பள்ளி இல்லை என்று காட்டக்கூடிய கருவி அது. ஆனால் அது சொல்லாத செய்தி ஒன்றுண்டு: பள்ளி எப்போது வரும்? மக்களுக்கு முன்பா, பின்பா?

நெருக்கடி நிலைக் காலத்தில் (1975–77) ஏறத்தாழ 7 லட்சம் பேர் நகரின் உட்பகுதிகளிலிருந்து திரிலோக்புரி, மங்கோல்புரி, ஜஹாங்கீர்புரி போன்ற புறப்பகுதிகளுக்கு அகற்றப்பட்டனர். 1960-களின் தொடக்கத்தில் 80 சதுர கஜமாக இருந்த மறுகுடியமர்வு மனை 25 சதுர கஜமாகச் சுருங்கியது. முதலில் மக்கள் போனார்கள். குழாயும் கழிப்பிடமும் பேருந்தும் பள்ளியும் அவர்களைப் பின்தொடர்ந்து தாமதமாக வந்தன.

தில்லித் தமிழரின் வரலாறு இதற்கு மறுதலையான ஒரு வரிசையைக் காட்டுகிறது. கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்கும் மாறிமாறிச் சென்ற அரசு அலுவலகங்களில் தென்னிந்தியர் பலர் பணியாற்றினர். அவர்கள் தம் பிள்ளைகளுக்காக 1923-இல் தொடங்கிய முயற்சியே தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து, இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. எந்தப் பெருந்திட்டமும் பிறப்பதற்கு முன்பே, தமக்கு எது முதன்மையான வசதி என்பதை அந்தச் சமூகம் தானே முடிவு செய்திருந்தது.

அப்பள்ளிகளுள் ஒன்று லோதி எஸ்டேட்டில் உள்ளது. ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலையொட்டி இருந்த ‘மதராஸி கேம்ப்’ பஸ்தியின் பிள்ளைகள் பலர் அங்குதான் பயின்றனர். 2025 ஜூன் 1 அன்று, உயர் நீதிமன்ற உத்தரவின்படி அந்தப் பஸ்தி இடிக்கப்பட்டது. வடிகால் அடைபட்டு மழைக்காலத்தில் வெள்ளம் தேங்குகிறது என்பது காரணம். அக்காரணம் பொய்யன்று, வடிகாலும் பொது வசதியே, 1955 அதை நமக்குக் கற்பித்திருக்கிறது. ஏறத்தாழ 370 குடியிருப்புகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என முதலில் கண்டறியப்பட்டன. அந்த வீடுகளோ ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், நரேலாவில் இருந்தன. மறுகுடியமர்வு இயன்றவரை 5 கிலோமீட்டருக்குள் அமைய வேண்டும் என்பது தில்லி அரசின் 2015-ஆம் ஆண்டுக் கொள்கை. விதிவிலக்கான சூழலில் அதைத் தாண்டலாம் என்றும் அதுவே கூறுகிறது. தில்லியின் வரலாற்றில் விதிவிலக்கே வழக்கமாகிவிட்டது.

வீடு கிடைத்தவர்களும்கூடப் பள்ளியையும் வேலையையும், தம் மொழி ஒலிக்கும் வகுப்பறையையும் விட்டுச் செல்ல நேர்ந்தது. ‘இருப்பிடம்’ தரப்பட்டது, ‘வசதி’ தரப்படவில்லை. நம் முன்னோரோ இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தனர்.

ஆகவே வசதிகளை முன்னுரிமைப்படுத்துவது ‘எத்தனை பேருக்கு எத்தனை’ என்னும் கணக்கோடு முடிவதன்று என்று கருதுகிறேன். எது முதலில், எவ்வளவு அருகில் என்பதும் அக்கணக்கில் சேர வேண்டும். மறுகுடியமர்வுக்கான நாளைக் குறிக்கும் முன், அங்கே பள்ளியில் இடம் உண்டா, பேருந்து ஓடுகிறதா, குழாயில் நீர் வருகிறதா என்று கேட்பது பெருஞ்செலவு பிடிக்கும் சீர்திருத்தம் அன்று. அது வெறும் வரிசை மாற்றம்.

நான் மொழியியல் மாணவன்; நகரத் திட்டமிடல் என் துறையன்று. அத்துறையில் ஆய்வு செய்யும் நண்பர்கள் பிழை கண்டால் திருத்துக, நன்றியுடன் ஏற்பேன்.