கதண்டுக் கொட்டும் ஹிஸ்டமின் சுரப்பும்

உத்திரமேரூர் பக்கத்து ஏரிக்கரைப் பனைகளில் கதண்டு என்னும் பெருங்குளவி கூடு கட்டினால் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போகும். அந்த அச்சம் நியாயமானது. கதண்டு கொட்டிய இடம் தடித்துச் சிவந்து அரிப்பதில் நஞ்சுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த நஞ்சுக்கு மறுமொழியாக உடலே கொட்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

ஹிஸ்டமினைத் துகள்களில் சேர்த்து வைத்திருப்பவை மாஸ்ட் செல்கள். தோல், மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றில் இரத்த நாளங்களை ஒட்டி இவை இருக்கின்றன. ஜெர்மனியின் பால் எர்லிக் 1878இல் சாயமேற்றி இவற்றை விவரித்தார். இவற்றுக்குள்தான் ஹிஸ்டமின் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் ரைலியும் வெஸ்ட்டும் 1953இல் காட்டினர்.

துகள்களைத் திறக்கும் வேதிச் சமிக்ஞைகள் பல. நன்கு தெரிந்தது ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளின் வழி. முன்பு கொட்டு வாங்கிய சிலரின் உடலில் நஞ்சுப் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ உருவாகி, மாஸ்ட் செல்லின் மேற்பரப்பில் தங்கிவிடுகிறது. அதே புரதம் மறுபடி வந்து அருகருகே உள்ள ஐஜிஇக்களைப் பிணைத்ததும் செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. துகள்கள் சவ்வோடு இணைந்து வெளியே திறந்துகொள்கின்றன. எல்லாம் சில நிமிடங்களில் நடந்துவிடும்.

இன்னொரு வழிக்கு ஐஜிஇயே தேவையில்லை. குளவியின நஞ்சில் மாஸ்டோபரான் என்னும் 14 அமினோ அமிலப் பெப்டைடு உண்டு. அது மாஸ்ட் செல்லை நேரடியாகத் தூண்டும். இத்தகைய தூண்டலுக்கு எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2 என்ற ஏற்பி முக்கிய வாயில் என்பது 2015இல் வெளியான ஆய்வில் தெளிவானது. நரம்பு முனைகள் விடும் சப்ஸ்டன்ஸ் பி, சிப்ரோஃபிளாக்சசின் போன்ற மருந்துகள் ஆகியவையும் இதே ஏற்பியைத் தொடுகின்றன. ஆகவே, முன்பு கொட்டியதே இல்லை என்ற தெம்பில் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கூட்டமாகக் கொட்டினால் முதல் முறையே ஆபத்துதான்.

சுரப்பைத் தணிக்கும் சமிக்ஞையும் உண்டு: அட்ரினலின். அது மாஸ்ட் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்தி ஹிஸ்டமின் வெளியேற்றத்தைக் குறைக்கிறது. தளர்ந்த நாளங்களைச் சுருக்கி, மூச்சுக்குழாயையும் விரிக்கிறது. செட்ரிசின் மாத்திரையோ வெளியேறிவிட்ட ஹிஸ்டமினின் எச்1 ஏற்பியை மட்டுமே மறிக்கும். அரிப்புக்கு அது போதும், மூச்சுத்திணறலுக்குப் போதாது. கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுவதாலும் இந்தச் சுரப்பு நிற்காது.

உதடு வீங்கினாலோ, குரல் கம்மினாலோ, தலைசுற்றினாலோ 108ஐ அழைப்பதே முறை. பெரியவர்களுக்குத் தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் போடுகிறார்கள். சிலருக்கு அறிகுறிகள் அடங்கிய பின், சில மணி நேரம் கழித்துத் திரும்பக்கூடும் என்பதால் மருத்துவமனையிலேயே இருத்திக் கவனிக்கிறார்கள்.