கல்மாலையை அறுத்தவர்கள்: கொச்சியில் பெண்ணுடலும் அழகின் சட்டமும்

கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்களில் ஒரு பெண்ணின் கழுத்தையும் காதையும் பார்த்தே அவள் சாதியைச் சொல்லிவிடலாம் என்ற நிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நீடித்தது. புலையப் பெண்ணின் கழுத்தில் கல்லும் கண்ணாடிமணியும் கோத்த மாலைகள் அடுக்கடுக்காகத் தொங்கும். பொன்னும் வெள்ளியும் அவளுக்கு விலக்கு; மேலாடையும் விலக்கு. நம்பூதிரி இல்லத்து அந்தர்ஜனமோ வாசல் தாண்டினால் உடம்பு முழுக்கப் போர்த்தி, முகத்தை ஓலைக்குடையால் மறைத்துக்கொள்ள வேண்டும். அழகு என்று இன்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அன்று சாதிச் சட்டமாகவே இருந்தது. ஆகவே இங்குள்ள பெண்கள் தம் உடலோடு சமாதானமான கதையைக் கண்ணாடிக்கு முன்னால் தேடிப் பயனில்லை. அது பொதுக்கூட்டத்திலும் படகிலும் நீதிமன்றத்திலும் நடந்தது. அதோடு, ‘உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொள்’ என்ற இன்றைய அறிவுரை முதல் தலைமுறைகளுக்குப் பொருந்தவே பொருந்தாது. அவர்கள் உடலின் தோற்றத்தை மாற்றித்தான் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள்.

தோள்சீலைப் போராட்டம் குமரி மாவட்டத்தார்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1859இல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மார்பை மறைக்க அனுமதித்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையை விடவில்லை. ஆணை வந்துவிட்டால் வழக்கம் மாறிவிடுமா? திரு-கொச்சியின் முதலமைச்சராக இருந்த சி. கேசவன் ‘ஜீவிதசமரம்’ என்ற தன்வரலாற்றில் தம் மாமியாரின் இளமைக்கால அனுபவம் ஒன்றைப் பதிந்திருக்கிறார். திருவனந்தபுரத்திலிருந்து நாத்தனார் கொண்டுவந்து கொடுத்த ரவிக்கையை அந்த இளம்பெண் ஆசையாகப் போட்டுப் பார்க்கிறார். பெற்ற தாய் அதை அவிழ்த்துப் பெட்டியில் வைக்கச் சொல்கிறார். இரவில் கணவர் வரும்போது ஒளித்துப் போட்டுக்கொண்டதையும் கண்டுபிடித்து அடிக்கிறார். தாய்க்கு அது மானக்கேடு. மகளுக்கு அதுதான் மானம். ஒரே வீட்டுக்குள் நடந்த இந்தச் சண்டையை அரசாணைகளில் காண முடியாது. அழகின் சட்டத்தை அமல்படுத்தியவர்களில் அன்னையரும் இருந்தார்கள் என்பதை வரலாற்றெழுத்து இன்னும் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1915இல் கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில் புலையர் கூடிப் பெண்கள் கல்மாலையைக் கைவிட வேண்டும் என்று முடிவெடுத்தபோது கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. அவ்வாண்டு டிசம்பரில் புலையர் தலைவர் அய்யன்காளி கொல்லத்தில் கூட்டிய பெருங்கூட்டத்தில் பெண்கள் மாலைகளை அங்கேயே அறுத்து எறிந்தார்கள். மேடையருகே அவை குவிந்தன. தனித்தனியே வீட்டில் கழற்றியிருந்தால் தனித்தனியே அடி விழுந்திருக்கும். ஆயிரம் பேர் பார்க்கக் கழற்றியதால்தான் அது கல்மாலைச் சமரம் ஆயிற்று.

சாதி அடுக்கின் மறுமுனையில் பெண்களின் சிக்கல் காதில் இருந்தது. கனத்த காதணியால் மடல் தோளை நோக்கி நீள்வதே அந்தர்ஜனங்களுக்கு அழகு. பாம்படமும் தண்டட்டியும் போட்ட நெல்லை, மதுரைப் பக்கத்துப் பாட்டிமாரைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது. பார்வதி நென்மினிமங்கலமும் ஆர்யா பள்ளமும் முன்னின்ற சீர்திருத்த அலையில் ஓலைக்குடை கீழே விழுந்தது; தொங்கிய காதை அறுத்துத் தைத்துக்கொள்வதும் ஓர் இயக்கமாகவே பரவியது. அந்தத் தையல் தழும்பு அவர்களுக்கு வெட்கமாக இல்லை. ஆனால் கல்மாலையை அறுத்தவர்களுக்குக் குடிசை எரிந்தது. காதைத் தைத்தவர்களுக்கு உறவினரின் வசவும் ஊர்விலக்கும் கிடைத்தன. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கொச்சியின் தனிக்கதை தண்ணீரில் தொடங்குகிறது. புலையர் கூட்டம் நடத்த நிலத்தில் இடம் கிடைக்காததால், 1913இல் சீர்திருத்தவாதிகள் பண்டிட் கறுப்பனும் கிருஷ்ணாதி ஆசானும் படகுகளை ஒன்றோடொன்று பிணைத்துக் காயலிலேயே கூட்டம் நடத்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1912 ஜூலையில், அக்காயலின் முளவுகாடு தீவில் பிறந்தவர் தாட்சாயணி. மேலாடை அணியத் தொடங்கிய முதல் தலைமுறைக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் படித்தபோது, உயர்சாதி ஆசிரியர் சோதனைகளை அருகில் காட்ட மறுக்க, எட்ட நின்று பார்த்தே கற்றார். தாட்சாயணி வேலாயுதனாக அரசியல் நிர்ணய சபைக்குப் போனபோது அங்கிருந்த ஒரே தலித் பெண் அவர்தான்.

அதே 1912 டிசம்பரில், காயலின் மறுகரையில் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ரூபி டேனியல் பிறந்தார். 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தை நிர்வகித்தவர்கள் ‘வெள்ளை யூதர்’ எனப்பட்டார்கள். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று கருதப்பட்ட குடும்பங்களுக்கு அங்கே சம இடம் கிடையாது. ரூபியின் குடும்பமும் அவற்றில் ஒன்று. அதே பிரிவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் காந்திய வழியில் ஆண்டுக்கணக்காகப் போராடினார். 1950இல் அவர் மகன் ‘வெள்ளை’ப் பெண் ஒருவரை மணந்தபோதும் திருமணத்தைப் பம்பாயில்தான் நடத்த முடிந்தது. நிறத்தின் பெயரால் சொல்லப்பட்ட இந்த வேற்றுமை உண்மையில் பிறப்பின் வேற்றுமை. கொச்சியில் நிறம் சாதியின் இன்னொரு பெயர். ரூபி படித்து, அரசுப் பணியில் சேர்ந்து, இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் சேவை செய்தார். 1951இல் இஸ்ரேலில் குடியேறி, 1995இல் தன்வரலாறும் வெளியிட்டார். தம் குடும்பத்தை ஒதுக்கிய தெருவின் பெண்கள் தலைமுறைகளாக நோட்டுகளில் எழுதிப் பாதுகாத்த மலையாளப் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கிக் காப்பாற்றியவரும் அவரே.

இப்போராட்டங்கள் வென்றதும் ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. சீர்திருத்தக் காலம் பழைய அடையாளங்களை அகற்றிய கையோடு, அடக்கமும் படிப்பும் குடும்பப் பாங்கும் கொண்ட ஒரு ‘நல்ல பெண்’ணை வார்த்தெடுத்ததை வரலாற்றாய்வாளர் ஜே. தேவிகா விரிவாகக் காட்டியிருக்கிறார். ரவிக்கை விடுதலையாக வந்தது, பின்னர் கட்டாயமாயிற்று. கல்மாலையைக் கழற்றியது போலத் தோலின் நிறத்தைக் கழற்ற முடியாது என்பதால், சட்டத்தில் ஒழிந்த வேற்றுமை நிறத்தில் போய்த் தங்கியது. சந்தை அங்கே கடைவிரித்தது. 1975இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல்தான் பெயரை மாற்றிக்கொண்டது. சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இல் கருமையே அழகு என்ற பரப்புரையைத் தொடங்கியபோது அது தனிக்குரல். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் அண்மையில் மருத்துவர்கள் கண்டறிந்த சிறுநீரக நோயாளிகள் பலர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். இத்தகைய கிரீம்களில் கலக்கும் பாதரசம் நிறமி உருவாவதைத் தடுக்கும். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரக வடிகட்டியைக் கெடுத்து, புரதம் சிறுநீரில் ஒழுக வைக்கும்.

2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத் தலித் மாணவர் ரோஹித் வெமுலா இறந்த பின், கொச்சி ஓவியர் பி.எஸ். ஜெயா உடம்பில் கரிய மை பூசிக்கொண்டு தினமும் தெருவில் நடமாடினார். 125 நாள் இது நீடித்தது. பஸ்ஸிலும் கடையிலும் மனிதர்கள் தம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதே அவருடைய ஆய்வுப்பொருள். பூசிய கருமையைக் கழுவிவிடலாமே, பிறந்த கருமையை என்ன செய்வது என்று தலித் தரப்பிலிருந்து கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனாலும், நிறம் பற்றிய பேச்சைக் கேரளத்தின் கலைவெளிக்குள் கொண்டுவந்த முயற்சிகளிலிருந்து ஜெயாவின் செயலை ஒதுக்கிவிட முடியாது.

பிறகு நிறுவனங்கள் அசையத் தொடங்கின. களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023 ஜனவரியில், மாணவர் சங்கத்தின் கோரிக்கையை ஏற்று, மாணவிகளுக்கு மாதவிடாயின் பேரில் ஒவ்வொரு செமஸ்டரிலும் இரண்டு சதவீத வருகைச் சலுகை அளித்தது. மருத்துவச் சான்று வேண்டாம், விண்ணப்பம் போதும். சில நாட்களிலேயே அரசு அதை மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தது. மாதவிடாய் நாளில் பெண்ணைத் தனியறைக்கு ஒதுக்கிய சமூகத்தில், அந்த உடல்நிலையைப் பெயர் சொல்லி விதியில் எழுதியது சிறு காரியம் அல்ல.

எர்ணாகுளத்தில் இயங்கும் கேரள உயர்நீதிமன்றம் 2024 இறுதியில், ஒரு பெண்ணின் உடலமைப்பை அவள் கணவனின் அண்ணன் மனைவி பழிப்பதும் முதல்நோக்கில் கொடுமையாகக் கருதத்தக்கதே என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில், உடன் பணிபுரியும் பெண்ணின் உடலமைப்பை ‘நல்லாயிருக்கு’ என்று வர்ணித்தவர் மீதான வழக்கை ரத்து செய்யவும் மறுத்தது. பழிப்பு மட்டுமல்ல, பாராட்டும் வழக்காகலாம் என்பதில்தான் இத்தீர்ப்பின் கூர்மை இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில், மாநிலத்தின் அப்போதைய தலைமைச் செயலர் சாரதா முரளீதரன் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு இட்டார். அதே நாற்காலியில் அவருக்கு முன் இருந்தவர் அவர் கணவர் வி. வேணு. கணவரின் பணி எவ்வளவு வெள்ளையோ மனைவியின் பணி அவ்வளவு கறுப்பு என்று ஒருவர் ஒப்பிட்டதே அப்பதிவுக்குக் காரணம். நான்கு வயதில், தன்னைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக, அழகாகப் பெற்றெடுக்க முடியுமா என்று அம்மாவிடம் கேட்டதை அவர் நினைவுகூர்ந்தார். கறுப்பின் அழகைத் தமக்குக் காட்டியவர்கள் தம் பிள்ளைகள் என்றும் எழுதினார். ரவிக்கைக் கதையில் தாய் மகளைத் தடுத்தார்; இங்கே பிள்ளைகள் தாய்க்குக் கற்பித்திருக்கிறார்கள். எதிர்வினைகள் குவியவே பதிவை நீக்கினார். விவாதிக்க வேண்டிய விஷயம் இது என்று நலம்விரும்பிகள் சொன்னபின் மறுபடி வெளியிட்டார். எர்ணாகுளம் மாவட்டத்துப் பரவூரின் சட்டமன்ற உறுப்பினரும் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவருமான வி.டி. சதீசன், தம் தாயும் கறுப்பு நிறத்தவரே என்று சொல்லி அப்பதிவைப் பாராட்டினார்.